பெங்களூர், ஊட்டி, சென்னை: உயரத்துக்கும் வெயிலுக்கும் ஏற்ப கார்பரேட்டர் ட்யூன் செய்வது எப்படி?

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அல்சூரிலும் விவேக் நகரிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஆர்எக்ஸ் 100, ஸ்ப்ளெண்டர், புல்லட் வண்டிகளுக்கு இது முக்கியமான எண். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு விற்ற வண்டிகளில் பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்ஷன்தான். காற்றழுத்தம் எவ்வளவு, சூடு எவ்வளவு என்று சென்சார் பார்த்துச் சொல்ல, அவை தாமாகவே பெட்ரோல் அளவை மாற்றிக்கொள்ளும். காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு விடும் கார்பரேட்டர் வைத்த வண்டிக்கு அந்த வசதி இல்லை. அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும். பொறுமை இருந்தால் யாரும் கற்றுக்கொள்ளலாம்.

முதலில் காற்றுக் கணக்கு

1000 மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 10 சதவீதம் குறைகிறது. கார்பரேட்டர் விடும் பெட்ரோலும் கூடவே குறையும்தான், ஆனால் பாதி அளவுக்குத்தான். காற்று 10 சதவீதம் குறைந்தால் பெட்ரோல் 5 சதவீதம்தான் குறையும். மிச்சப் பெட்ரோல் எரியாமல் கரும்புகையாகப் போகும். மெக்கானிக்குகள் 'ரிச்' என்பது இதைத்தான். பெட்ரோல் போதாமல் போனால் 'லீன்'. சூடான காற்றும் மெலிந்த காற்றுதான், அதனால் வெயிலிலும் கலவை ரிச் பக்கம் சாயும். குளிரில் காற்று அடர்ந்து லீன் ஆகும்.

உயரத்தையும் வெயிலையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். டிசம்பர் விடியலில், 15 டிகிரி குளிரில் இருக்கும் பெங்களூர்க் காற்றும், மே மாதம் 40 டிகிரி வெயிலில் இருக்கும் சென்னைக் காற்றும் அடர்த்தியில் 2, 3 சதவீதம்தான் வேறுபடும். ஒன்றில் சரியாக ஓடும் வண்டி இன்னொன்றிலும் ஓடிவிடும். ஆனால் ஏப்ரல் மதியம், 35 டிகிரியில், பெங்களூரில் லீனாகத் திருகி வைத்த வண்டியை டிசம்பர் இரவில் சென்னைப் பக்கம் ஓட்டினால், அங்கே காற்று சுமார் 16 சதவீதம் அடர்ந்திருக்கும். கலவை இன்னும் 8 சதவீதம் லீன். கிருஷ்ணகிரி தாண்டிய நீண்ட சாலையில் ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கிப் பிடித்தால், டூ ஸ்ட்ரோக் வண்டியில் பிஸ்டன் ஜாம் ஆகவே வாய்ப்பு உண்டு. ரிச்சாக ஓடினால் பெட்ரோல் காசுதான் போகும். லீனாக ஓடினால் எஞ்சினே போகும். இந்த ஒரு பயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

படி 1: உயரத்தின் மேல் பழி போடும் முன்

ஏர் ஃபில்டரில் தூசி அடைத்திருந்தாலும் வண்டி ரிச்சாகத்தான் ஓடும். மெட்ரோ வேலை நடக்கும் சாலைகளில் தினமும் போகிறவர்கள் இதை முதலில் பாருங்கள். பிளக் பழசாக இருந்தால் புதிது போடுங்கள். ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் டேப்பட் அளவு (வால்வு இடைவெளி) சரியா என்று பார்த்துவிடுங்கள். கார்பரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் ரப்பரில் வெடிப்பு இருந்தால் அந்த வழியாகக் காற்று புகும். அப்புறம் எத்தனை முறை திருகினாலும் ஐடிலிங், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாமல் எஞ்சின் ஓடுவது, சீராக இருக்காது. ரப்பர் ஜே.சி. ரோடு உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும்.

அபார்ட்மென்ட்டின் மூடிய பேஸ்மென்ட்டில் இந்த வேலை வேண்டவே வேண்டாம். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. திறந்த வெளியில், பக்கத்தில் நெருப்பு எதுவும் இல்லாமல் செய்யுங்கள்.

படி 2: மிக்ஸ்சர் ஸ்க்ரூ

பத்து நிமிடம் ஓட்டி எஞ்சினைச் சூடாக்குங்கள். சோக் (குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ய இழுப்பது) முழுக்க விலகியிருக்க வேண்டும். கார்பரேட்டரில் வெளியே இரண்டு ஸ்க்ரூ தெரியும். பெரியது ஐடிலிங் ஸ்க்ரூ. சிறியது, பெரும்பாலும் உள்ளடங்கி இருப்பது, மிக்ஸ்சர் ஸ்க்ரூ.

புதியவர்கள் பலரும் குழம்பும் இடம் இது. மிக்ஸ்சர் ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது: வெளியே திருகினால் லீன். எஞ்சின் பக்கம் இருந்தால் பெட்ரோலைக் கட்டுப்படுத்துகிறது: வெளியே திருகினால் ரிச். உங்கள் வண்டியில் எது என்று தெரியாமல் கை வைக்காதீர்கள்.

எஞ்சினை நிறுத்திவிட்டு, ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். முட்டியதும் நிறுத்திவிடுங்கள்; அழுத்தினால் அதன் கூர்முனை நசுங்கி, கார்பரேட்டரின் உள் துளையும் கெட்டுவிடும். பிறகு கம்பெனி சொன்ன அளவுக்கு வெளியே எடுங்கள். பல சிறு வண்டிகளில் ஒன்றரைச் சுற்று நல்ல தொடக்கம்.

இப்போது ஸ்டார்ட் செய்து, ஐடிலிங்கைக் கொஞ்சம் தூக்கி வையுங்கள். மிக்ஸ்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்றாகத் திருப்புங்கள். ஒவ்வொரு முறையும் சில நொடி காத்திருந்து காதைக் கொடுங்கள். ரிச்சாக இருக்கும்போது எஞ்சின் 'தொப் தொப்' என்று கனமாக, இடையிடையே தடுக்கி ஓடும். திருப்பத் திருப்பச் சத்தம் சீராகி, வேகம் தானாக ஏறும். ஒரு இடத்தில் ஏறுவது நின்றுவிடும். அதற்கும் மேல் போனால் மெலிந்து நடுங்கி அணையப் பார்க்கும். வேகம் உச்சியில் இருக்கும் இடமே உங்களுக்கு வேண்டிய இடம். அங்கிருந்து ரிச் பக்கம் ஒரு பொட்டு திருப்பி விடுங்கள். பிறகு ஐடிலிங்கைக் கம்பெனி அளவுக்கு இறக்குங்கள்.

சோதிக்க: ஆக்சிலேட்டரைச் சட்டென்று முறுக்கி விடுங்கள். இருமித் தடுமாறினாலோ, விட்ட பிறகும் வேகம் உடனே இறங்காமல் தொங்கினாலோ லீன். புகையோடு சோம்பலாக ஏறினால் ரிச்.

படி 3: ஊசி

ஆக்சிலேட்டரைக் கால் பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை திறக்கும்போது பெட்ரோல் அளவை முடிவு செய்வது கார்பரேட்டருக்குள் ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் ஊசிதான். நகரத்தில் நாம் பெரும்பாலும் இதில்தான் ஓட்டுகிறோம். ஊசியின் தலையில் பெரும்பாலும் ஐந்து காடிகள் இருக்கும். ஒன்றில் சிறு கிளிப் மாட்டியிருக்கும். கிளிப்பை மேல் காடிக்கு மாற்றினால் ஊசி இறங்கும், லீன். கீழ்க் காடிக்கு மாற்றினால் ஊசி உயரும், ரிச். ஒரு தடவைக்கு ஒரு காடி மட்டும். கிளிப் ஸ்ப்ரிங் போலத் தெறித்து ஓடும். கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள்.

டயஃப்ரம் (மெல்லிய ரப்பர் சவ்வு) வைத்த கார்பரேட்டர்களில், பழைய பல்சர்கள் பலவற்றில் உள்ளதுபோல, ஊசியில் காடி இல்லாமலும் இருக்கலாம். அவற்றில் மிக்ஸ்சர் ஸ்க்ரூவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 4: மெயின் ஜெட், அதுவும் தேவைப்பட்டால்தான்

முழு ஆக்சிலேட்டரில் பெட்ரோலை அளப்பது மெயின் ஜெட் என்ற துளையுள்ள சிறு பித்தளைத் துண்டு. எண் பெரிதானால் துளை பெரிது. பெங்களூரில் 'இந்த ஊருக்கு ஒரு சைஸ் சின்ன ஜெட் போடுங்கள், மைலேஜ் ஏறும்' என்று யோசனை சொல்கிறவர்கள் நிறைய. நான் போட மாட்டேன். காரணம் பெட்ரோல். இப்போது பங்கில் ஊற்றுவதில் 20 சதவீதம் வரை எத்தனால். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் கலவை லீன் பக்கம் போகும். வெறும் பெட்ரோலுக்காகச் செய்த பழைய வண்டியில், பெங்களூர் உயரம் கொடுக்கும் 4 சதவீத ரிச்சை எத்தனால் விழுங்கி, அதற்கு மேலும் லீனாக்கிவிடுகிறது. இதில் சின்ன ஜெட்டும் சேர்ந்தால், ஓசூர் ரோட்டில் இறங்கிச் சென்னைக்குப் போகிற நாளில் விபரீதம்தான். கம்பெனி ஜெட் அப்படியே இருக்கட்டும்.

சந்தேகம் இருந்தால் பிளக்கைப் பாருங்கள். போக்குவரத்து இல்லாத நேரத்தில், ஹொஸ்கோட்டே தாண்டிய நேர்ச்சாலை போன்ற இடத்தில், முக்கால் ஆக்சிலேட்டருக்கு மேல் சிறிது தூரம் ஓட்டுங்கள். கிளட்ச்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து, ஓரமாக நிறுத்தி, ஆறிய பிறகு பிளக்கைக் கழற்றுங்கள். பீங்கான் முனை காப்பித் தூள் நிறத்தில் இருந்தால் நல்லது. கரி படிந்திருந்தால் ரிச். சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தால் லீன். உடனே ஒரு எண் பெரிய ஜெட் போடுங்கள்.

ஊட்டிக்குப் போகிறீர்களா?

ஊட்டி 2240 மீட்டர். கடல் மட்டத்தை விட அங்கே காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைவு; அந்த அளவுக்கு இழுவையும் குறையும். எந்த ட்யூனிங்கும் அதை மீட்டுத் தராது. இரண்டு நாள் பயணத்துக்கு மிக்ஸ்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்று லீன் பக்கம் திருப்பினால் போதும், காலையில் ஐடிலிங் அணையாமல் இருக்கும். அங்கேயே மாதக்கணக்கில் தங்கப் போகிறவர் மட்டும் ஊசியை ஒரு காடி இறக்கி, அதுவும் போதாவிட்டால் ஜெட்டைச் சுமார் 5 சதவீதம் குறைக்கலாம்: 100 இருந்தால் 95.

திரும்பி இறங்கும்போது கூடலூர் ஏறக்குறைய பெங்களூர் உயரம். டீ குடிக்க நிறுத்தும்போதே ஸ்க்ரூவை எழுதி வைத்த பழைய சுற்றுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஊசியையோ ஜெட்டையோ மாற்றியிருந்தால் அதையும் அங்கேயே பழையபடி மாற்றிவிட்டுத்தான் மைசூர் ரோட்டைப் பிடிக்க வேண்டும்.