பேச்சுப் படம் பார்க்கும்போது செய்யக்கூடாதவை

மேடை நாடகத்திலிருந்து எடுத்த படம் என்றாலே முதல் பத்து நிமிடத்தில் "என்னப்பா, ரூமுக்குள்ள உட்கார்ந்து பேசிட்டே இருக்காங்க" என்று ரிமோட்டைத் தேடுகிறவர்கள் நிறைய. எதிர்நீச்சலும் வியட்நாம் வீடும்கூட மேடையிலிருந்து வந்தவைதான், அவற்றை அலுக்காமல் பார்த்த அதே ஆட்கள், வேற்று மொழி, சப்டைட்டில் என்று வந்துவிட்டால் பொறுமை இழந்துவிடுகிறார்கள். சில படங்கள் உண்மையிலேயே அறுவைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் பாதி நேரம் கோளாறு நாம் பார்க்கிற விதத்தில் இருக்கிறது.

2008-இல் வந்த 'டவுட்' படத்தையே எடுத்துக்கொள்வோம். ஜான் பேட்ரிக் ஷான்லி தான் எழுதிய நாடகத்தைத் தானே இயக்கினார். 1964, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஒரு கத்தோலிக்கப் பள்ளி. பள்ளியின் தலைமை ஆசிரியையான கண்டிப்பான கன்னியாஸ்திரியாக மெரில் ஸ்ட்ரீப், கலகலப்பான பாதிரியாராக ஃபிலிப் சீமோர் ஹாஃப்மன். பள்ளியில் சேர்ந்த முதல் கறுப்பினச் சிறுவனிடம் பாதிரியார் தவறாக நடந்துகொண்டாரா என்ற சந்தேகம்தான் கதை.

முதல் தவறு, இதைச் சமையல் செய்துகொண்டோ ஃபோனை நோண்டிக்கொண்டோ பார்ப்பது. சண்டைப் படத்தில் நாலு நிமிடம் கண்ணை எடுத்தால் நாலு பேர் கூடுதலாக அடிவாங்கியிருப்பார்கள், அவ்வளவுதான். இங்கே அப்படி இல்லை. கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி பற்றிப் பேசலாம் என்று பாதிரியாரைத் தலைமை ஆசிரியை அறைக்கு அழைக்கும் காட்சியைப் பாருங்கள். மனிதர் உள்ளே வந்ததும் நேராகப் போய் தலைமை ஆசிரியையின் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிடுவார். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. டீ வருகிறது, சர்க்கரை கேட்கிறார். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்துக்காக எடுத்து ஒளித்துவைத்து, பிறகு மறந்தேபோன சர்க்கரையை அந்த அம்மாள் தேடி எடுக்கிறார். எத்தனை கட்டி என்றால் மூன்று என்கிறார் இவர். அந்த "மூன்று" காதில் விழும்போது மெரில் ஸ்ட்ரீப் முகத்தைப் பார்க்க வேண்டும். குற்றச்சாட்டு என்று ஒரு வார்த்தைகூட இன்னும் வரவில்லை, ஆனால் அங்கே யார் யாரை அடக்கப் பார்க்கிறார்கள் என்பது அதற்குள் புரிந்துவிடும். ஃபோனில் மெசேஜ் படித்துக்கொண்டிருந்தவருக்கு அங்கே டீ குடித்தார்கள் என்பது மட்டும்தான் மிச்சம்.

சிலர் இதையே ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்க்கிறார்கள். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஒருவர் தயங்கும் அந்த இரண்டு விநாடிதான் பல காட்சிகளில் விஷயமே, அதைச் சுருக்கிவிட்டு அப்புறம் "ஒன்றுமே நடக்கவில்லை" என்றால் எப்படி?

அடுத்தது சப்டைட்டில். கண் திரையின் அடியிலேயே ஒட்டிக்கொள்ளும், பேசுகிறவர் முகமே பாதிதான் தெரியும், கேட்கிறவர் முகம் சுத்தமாகத் தெரியாது. சிறுவனின் அம்மாவாக வயோலா டேவிஸ் வருவது ஏறக்குறைய ஒரே ஒரு நீளமான காட்சியில்தான், அதற்கே ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். மூக்கு ஒழுக, துடைக்கக்கூடத் தோன்றாமல், ஜூன் மாதம் வரைக்கும் பையன் அந்தப் பள்ளியில் இருந்துவிட்டால் போதும் என்று மன்றாடுவார். அவர் சொல்வதை நிஜமாகக் கேட்டால் நமக்கே தூக்கிவாரிப் போடும். எப்போதும் பதில் தயாராக வைத்திருக்கும் கன்னியாஸ்திரி அங்கே தடுமாறுவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முடிந்தால் அந்தக் காட்சியை மட்டும் இரண்டாவது முறை சப்டைட்டிலை அணைத்துவிட்டு ஓட்டுங்கள்.

காலத்தையும் இடத்தையும் கண்டுகொள்ளாமல் பார்ப்பது இன்னொரு தவறு. "போலீசுக்குப் போகவேண்டியதுதானே, மேலிடத்தில் சொல்லவேண்டியதுதானே" என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் திருச்சபை அமைப்பில் கன்னியாஸ்திரிகளுக்குப் பாதிரியார்மீது அதிகாரம் கிடையாது, புகார் போகவேண்டிய வழியில் உட்கார்ந்திருப்பவர்களும் ஆண்களே. அந்த அம்மாள் ஏன் இப்படிச் சுற்றிவளைத்து வலை விரிக்கிறார் என்பது இது தெரிந்தால்தான் புரியும். நாடகம் மேடையேறியது 2004-இல். பாஸ்டனில் பாதிரியார்கள் சிறுவர்களிடம் அத்துமீறியதும் திருச்சபை அதை மூடிமறைத்ததும் நாளிதழில் வெளியாகி நாடே கொதித்தது அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்புதான்.

"நாடகத்தை அப்படியே படம்பிடித்துவிட்டார்கள்" என்று தீர்ப்பு எழுதுவதும் அவசரம்தான். மேடையில் மொத்தமே நான்கு பாத்திரங்கள், அந்தச் சிறுவன் வரவே மாட்டான். படத்தில் அவன் வருகிறான், பாதிரியாரை நிமிர்ந்து பார்க்கிறான், அந்தப் பார்வை நம் கணக்கையே மாற்றுகிறது. ஆனால் சாய்ந்த ஃபிரேம்கள், சுழன்றடிக்கும் காற்று, சரியான நேரம் பார்த்து வெடிக்கும் பல்பு எல்லாம் எனக்குத் தேவையில்லாத அலங்காரமாகவே பட்டன. வசனம் செய்து முடித்த வேலையைக் காற்று எதற்கு மறுபடி செய்ய வேண்டும்? இதற்கு நேர் எதிர் 2020-இன் 'தி ஃபாதர்'. ஃப்ளோரியன் ஸெல்லரும் தன் நாடகத்தைத் தானே இயக்கியவர்தான். ஆந்தனி ஹாப்கின்ஸ் இருக்கும் ஃபிளாட்டில் சுவரின் நிறமும் சாமான்களும் சத்தமில்லாமல் மாறிக்கொண்டே இருக்கும், நினைவு தப்பும் கிழவரின் குழப்பம் நமக்கும் தொற்றிவிடும். 'கிளென்கேரி கிளென் ராஸ்' படத்தில் எல்லோரும் மேற்கோள் காட்டும் அலெக் பால்ட்வின் வசனம் மூல நாடகத்திலேயே இல்லை, நாடகத்தை எழுதிய டேவிட் மாமெட் படத்துக்கென்று எழுதிச் சேர்த்தது.

கடைசியாக, 'டவுட்' படத்தைத் துப்பறியும் கதையாகப் பார்க்காதீர்கள். ஆதாரம் எப்போது வரும் என்று காத்திருந்தால் கடுப்புதான் மிஞ்சும், ஷான்லி அதைக் கொடுக்கப்போவதில்லை. படம் முடிந்த கையோடு யூடியூபில் 'கிளைமாக்ஸ் விளக்கம்' தேடுவதையும் ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவரிடம் "அவர் செய்திருப்பார்னு நினைக்கிறியா?" என்று கேளுங்கள். பதில் உங்களுடையதற்கு எதிராக இருந்தால், எந்தக் காட்சியை வைத்து அப்படிச் சொல்கிறார் என்று கேட்டு, அதை மட்டும் மறுபடி ஓட்டிப் பாருங்கள்.