பழைய வாட்டர் ஹீட்டர மாத்த மொத்தமா எவ்வளவு ஆகும்? கடைக்கு போறதுக்கு முன்னாடி வீட்லயே கணக்கு போட்டுக்கலாம்

ஹீட்டர் மாத்தணும்னதும் எல்லாரும் கேக்குறது "ஹீட்டர் என்ன விலை"ன்னுதான். ஆனா பெட்டி மேல ஒட்டியிருக்கிற விலை பில்லுல ஒரு வரி அவ்வளவுதான், அதுக்கு கீழ கழட்டுற கூலி, மாட்டுற கூலி, ஹோஸ், வால்வு, சில வீடுகள்ல புது வயரிங் வேற வரும், இது எல்லாத்தையும் விட பெரிய தொகை ஒண்ணு பில்லுலயே இருக்காது, அது அடுத்த பத்து வருஷம் அந்த ஹீட்டர் இழுக்கப்போற கரண்ட். ஒரு பேப்பர் பேனா எடுத்துக்கோங்க, ஒவ்வொண்ணா எழுதிக்கிட்டே போவோம்.

படி 1: நெஜமாவே மாத்தணுமா?

இத மொதல்ல வெச்சதுக்கு காரணம் இருக்கு. மாத்தவே வேண்டாத ஹீட்டர் நெறைய மாத்தப்படுது.

தண்ணி சூடாகலையா? எலிமென்ட் (தண்ணிய சூடாக்குற கம்பி) போயிருக்கலாம், தெர்மோஸ்டாட் (வேண்டிய சூடு வந்ததும் கரண்ட நிறுத்துறது) போயிருக்கலாம், இல்ல ஓவரா சூடாகி கட்-அவுட் விழுந்திருக்கலாம், மூணுமே தனித்தனியா கெடைக்கிற பார்ட்ஸ். எலக்ட்ரீஷியன் மல்டிமீட்டர் வெச்சு எலிமென்ட்ட பாத்தார்னா ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிடும், 2000 வாட் எலிமென்ட் நல்லா இருந்தா 230 வோல்ட் சப்ளைக்கு சுமார் 26 ஓம் காட்டும், 3000 வாட்னா சுமார் 17 அல்லது 18, ஒண்ணுமே காட்டலன்னா உள்ள கம்பி அறுந்திருக்கு. ஸ்விட்ச் போட்டதும் ட்ரிப் ஆகுதுன்னா எலிமென்ட் ஓட்டையாகி தண்ணிக்குள்ள கரண்ட் கசியுதுன்னு சந்தேகப்படணும், அப்போ அத திரும்ப திரும்ப ஆன் பண்ணி பாக்காதீங்க, ஆளு வர்ற வரைக்கும் ஆஃப்லயே இருக்கட்டும்.

சேஃப்டி வால்வுலருந்து சொட்டுதா? பயந்துடாதீங்க. தண்ணி 20 டிகிரியிலருந்து 70 டிகிரிக்கு போகும்போது கிட்டத்தட்ட 2 சதவீதம் விரியும், 15 லிட்டர் டேங்க்னா அது கால் லிட்டருக்கும் மேல, வந்த வழியா திரும்பி போக வால்வு விடாது, அதனால சொட்டு சொட்டா வெளிய வரும். சூடாகும்போது மட்டும் சொட்டி அப்புறம் நின்னுடுச்சுன்னா அது வேலை செய்யுதுன்னு அர்த்தம். இத பாத்துட்டு "டேங்க் லீக்கு, புதுசு வாங்கிடுங்க"ன்னு யாராவது சொன்னா கொஞ்சம் நிதானிங்க. நாள் முழுக்க நிக்காம சொட்டுதுன்னாலும் வால்வு போயிருக்கலாம், இல்ல லைன்ல பிரஷர் ஜாஸ்தியா இருக்கலாம், ஹீட்டர் கெட்டுப்போச்சுன்னு அப்பவும் சொல்லிட முடியாது.

டேங்கே ஓட்டையானா கதை வேற. பாடிக்கு அடியில துருக்கலர்ல ஈரம், தொட்டா விரல்ல ஒட்டுற பழுப்பு, பைப் ஜாயின்ட் எல்லாம் காஞ்சிருக்கும் ஆனா மூடிக்கு உள்ளருந்து தண்ணி வரும். இதுக்கு வெல்டிங், எம்-சீல்னு எதுவும் நிக்காது, மாத்தித்தான் ஆகணும்.

நடுவுல ஒரு ரகம் இருக்கு. டேங்க் ஹீட்டர் பொதுவா 8லருந்து 12 வருஷம் ஓடும், உங்களுது அந்த வயசுக்கு வந்து எலிமென்ட்டும் போய் பாடியும் துரு பிடிச்சிருந்தா ரிப்பேர் செலவு வீண். வாங்கி நாலு வருஷம்தான் ஆச்சுன்னா கண்ண மூடிக்கிட்டு ரிப்பேர் பண்ணுங்க.

படி 2: எவ்வளவு பெருசு வேணும்?

அளவு கூட கூட விலையும் கூடும், அதனால இந்த கணக்கு முக்கியம். குளிக்க நமக்கு வேண்டியது சுமார் 40 டிகிரி. டேங்க்ல 60 டிகிரி, குழாய் தண்ணி 25 டிகிரின்னு வெச்சுக்கிட்டா 15 லிட்டர் சுடுதண்ணியில பச்சத்தண்ணி கலந்து 35 லிட்டர் வரைக்கும் குளிக்கிற தண்ணி கெடைக்கும் (நெஜத்துல கொஞ்சம் கம்மி, ஏன்னா சுடுதண்ணி வெளிய போகப்போக உள்ள பச்சத்தண்ணி வந்து கலக்கும்). பக்கெட்ல குளிக்கிறவங்களுக்கு அது ஒண்ணரை பக்கெட்டுக்கு மேல. ஆனா ஷவர் நிமிஷத்துக்கு 8 லிட்டர் கொட்டுதுன்னா அதே டேங்க் நாலு நிமிஷம் சொச்சத்துல காலி. குளிர் பிரதேசத்துல குழாய் தண்ணியே 15 டிகிரின்னா அந்த 35 லிட்டர் 27 லிட்டரா கொறஞ்சிடும்.

ஆக வீட்ல எத்தன பேர்ங்கிறத விட எப்படி குளிக்கிறாங்க, ஒருத்தருக்கு அப்புறம் இன்னொருத்தர் உடனே போறாங்களா, இதுதான் அளவ முடிவு பண்ணும். ஒரு ஆள் குளிச்சு வந்ததும் 2000 வாட் எலிமென்ட் 15 லிட்டர திரும்ப சூடாக்க இருபது நிமிஷத்துக்குள்ள போதும், அந்த இடைவெளி கெடைக்கிற வீட்ல பெரிய டேங்க் தேவையில்ல.

படி 3: எந்த டைப்பு?

இன்ஸ்டன்ட் ஹீட்டர், அதாவது தண்ணி ஓடும்போதே சூடாக்குறது, விலை கம்மி, சுவத்துல இடமும் கம்மி. ஆனா 3000 வாட் இன்ஸ்டன்ட்டால தண்ணிய 30 டிகிரி ஏத்தி நிமிஷத்துக்கு ஒண்ணரை லிட்டர்கூட தர முடியாது, அதனால அது பாத்திரம் கழுவுற சிங்க்குக்கும் வாஷ்பேசினுக்கும்தான் சரி, விலை கம்மின்னு ஷவருக்கு மாட்டிட்டு அப்புறம் கம்ப்ளெயின்ட் பண்றதுல அர்த்தமில்ல. ஷவருக்கே இன்ஸ்டன்ட் வேணும்னா 6000 வாட்டுக்கு மேல போகணும், அது 230 வோல்ட்ல 26 ஆம்பியர் இழுக்கும், வீட்டு லைன் அத தாங்குமான்னு பாக்கணும்.

கேஸ் ஹீட்டர்ல கரண்ட் பிரச்னை இல்ல, ஆனா புகைபோக்கி பைப்ப வெளிய கொண்டு போற வேலையும் காத்தோட்டமும் செலவுல சேரும். பாத்ரூமுக்குள்ள மட்டும் மாட்டவே மாட்டாதீங்க, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கெடையாது கலரும் கெடையாது, மூடின ரூம்ல அது ஆளையே கொன்னுடும்.

ஹீட் பம்ப் (சுத்தியிருக்கிற காத்துல இருக்கிற சூட்ட இழுத்து தண்ணிக்கு ஏத்துறது), சோலார் ரெண்டும் வாங்கும்போது காஸ்ட்லி, ஓடும்போது மலிவு. இது லாபமா இல்லையான்னு அடுத்த படியிலதான் தெரியும்.

படி 4: கரண்ட் கணக்கு

பயப்படாதீங்க, ஒரே ஃபார்முலாதான். சூடாக்குற லிட்டர், எத்தன டிகிரி ஏத்துறோம், ரெண்டையும் பெருக்கி 860ஆல வகுத்தா யூனிட்.

நாலு பேர் வீடு, குழாய் தண்ணி 25, குளிக்கிறது 40, அதாவது 15 டிகிரி ஏத்தணும். ஆளுக்கு 20 லிட்டர் பக்கெட்னா 20 பெருக்கல் 15, வகுத்தல் 860, சுமார் 0.35 யூனிட், நாலு பேருக்கு ஒரு நாளைக்கு 1.4, வருஷத்துக்கு 510 யூனிட் கிட்ட, பத்து வருஷத்துக்கு 5100. இதே நாலு பேரும் ஷவர்ல ஆளுக்கு 50 லிட்டர்னா ஒரு நாளைக்கு மூன்றரை யூனிட், பத்து வருஷத்துக்கு 12,700 யூனிட்டுக்கு மேல. உங்க ஊர்ல ஒரு யூனிட் என்ன ரேட்டோ அதால பெருக்கி பேப்பர்ல எழுதுங்க. அநேகமா பெட்டி விலைய தாண்டி போயிருக்கும்.

இப்ப ஹீட் பம்ப்ப பாருங்க. நல்லா ஓடுற ஹீட் பம்ப் ஒரு யூனிட் கரண்டுக்கு மூணு யூனிட் அளவு சூடு தரும்னு வெச்சா ஷவர் வீட்ல பத்து வருஷத்துல 8500 யூனிட் மிச்சம், பக்கெட் வீட்ல 3400தான் மிச்சம். கூட குடுக்குற விலைய எதிர்ல வெச்சு பாத்தா பல பக்கெட் வீடுகளுக்கு சாதா டேங்க் ஹீட்டரே போதும்னு வரும், என்னைக்கேட்டா அதுல ஒரு தப்பும் இல்ல.

இந்த கணக்குல சேராதது ஒண்ணு உண்டு, டேங்க் சும்மா இருக்கும்போது இழக்குற சூடு. லேபிள்ல 24 மணி நேரத்துக்கு எவ்வளவு யூனிட் இழக்குதுன்னு போட்டிருப்பாங்க, நாள் முழுக்க ஆன்ல விடுற பழக்கம் இருந்தா அந்த நம்பர் கம்மியா இருக்கிற மாடலுக்கு கூட காசு குடுக்கலாம், குளிக்கும்போது மட்டும் போட்டு அணைக்கிறவங்களுக்கு அது அவ்வளவு முக்கியமில்ல. அப்புறம், எலிமென்ட்ல உப்பு படிஞ்சா பில் ஏறும்னு சொல்லுவாங்க. எலக்ட்ரிக் ஹீட்டர்ல எலிமென்ட் தண்ணிக்குள்ளயேதான் இருக்கு, சூடு வேற எங்க போகும், பில்லுல பெருசா வித்தியாசம் வராது. ஆனா அந்த உப்பு ஓடு சூட்ட வெளிய விடாம எலிமென்ட்ட எரிச்சிடும், செலவு அந்த வழியா வரும்.

படி 5: பெட்டிக்கு வெளிய இருக்கிற செலவு

ரெண்டு ஹோஸ், சேஃப்டி வால்வு, ஆங்கிள் வால்வு, சுவத்து போல்ட். சின்ன அயிட்டங்கள்தான், ஆனா பழைய ஹோஸயே திரும்ப மாட்டி காசு மிச்சம் பிடிக்காதீங்க, உள்ள இருக்கிற ரப்பரும் ஹீட்டரோட சேர்ந்துதான் வயசாகியிருக்கும்.

பழைய ஹீட்டரும் புதுசும் ஒரே அளவா இல்லன்னா போல்ட் ஓட்டை பொருந்தாது, டைல்ஸ்ல புதுசா துளை போடணும், பைப் வர்ற இடம் தள்ளியிருந்தா பிளம்பிங்கும் சேரும். டேப் எடுத்து பழைய ஹீட்டரோட போல்ட் தூரத்தையும் ரெண்டு பைப் நடு தூரத்தையும் அளந்து போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.

வயரிங்ல 2000 வாட்டுக்கு சுமார் 9 ஆம்பியர், 3000 வாட்டுக்கு 13 ஆம்பியர், அதனால மெயின் போர்டுலருந்து தனி லைன், 16 ஆம்பியர் சாக்கெட், ஒழுங்கான எர்த், 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே லைன கட் பண்ற ஸ்விட்ச்). பழைய சாக்கெட் முகம் பழுப்பாகியிருந்தா, பிளக்க எடுக்கும்போது பின் கருப்பா இருந்தா, அத மாத்துற செலவையும் இப்பவே எழுதிடுங்க. இந்த ஒரு இடத்துல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

மாடி வீடா, பிரஷர் பம்ப் இருக்கா? 10 மீட்டர் உயர தண்ணிக்கு 1 பார் பிரஷர், அதனால உசரமான கட்டடத்துல கீழ் தளத்துல இருக்கிறவங்களும் பிரஷர் பம்ப் வெச்சிருக்கிறவங்களும் 8 பார் தாங்குற மாடலா பாத்து எடுங்க.

படி 6: கொட்டேஷன் கேக்குறது

"மாட்ட எவ்வளவு"ன்னு மட்டும் கேட்டா ஒரு நம்பர் சொல்லுவாங்க, வேலை முடிஞ்சதும் வேற நம்பர் வரும். அதனால இப்படி கேளுங்க: "அண்ணா, பழசு கழட்டுறது சேர்ந்தா இந்த ரேட்? ஹோஸ், வால்வு நீங்க கொண்டு வர்றீங்களா நான் வாங்கணுமா? டைல்ஸ்ல துளை போட்டா தனியா? பழச எடுத்துட்டு போனா எவ்வளவு கழிப்பீங்க?" வாட்ஸ்அப்ல எழுதி வாங்கிடுங்க. பழைய ஹீட்டர்ல செம்பு, இரும்பு எல்லாம் இருக்கு, சும்மா குடுத்தனுப்ப வேண்டாம்.

படி 7: வாரண்டி பேப்பர்

பெருசா போட்டிருக்கிற வருஷம் பெரும்பாலும் டேங்க்குக்கு மட்டும், எலிமென்ட்டுக்கும் மத்த பார்ட்ஸுக்கும் தனித்தனி வருஷம் இருக்கும், அத படிங்க. ஆனோடு ராடு பத்தி என்ன போட்டிருக்குன்னும் பாருங்க. அது டேங்க்குக்குள்ள தொங்குற மெக்னீசியம் கம்பி, டேங்க் துருப்பிடிக்காம இருக்க அதுவே கரைஞ்சு போகும். புதுசுல விரல் தடிமன் இருக்கிறது உப்புத்தண்ணியில சில வருஷம் ஓடினா நடுவுல இருக்கிற மெல்லிசு கம்பி மட்டும் வெள்ள வெள்ளயா சொறி பிடிச்ச மாதிரி மிஞ்சும், அதுக்கப்புறம் துரு நேரா டேங்க்கதான் தின்னும். ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்கா திறந்து பாத்து மாத்துற செலவையும் பேப்பர்ல சேத்துடுங்க, டேங்க் விலையோட ஒப்பிட்டா அது ரொம்ப கம்மி.

மாட்டி முடிச்சதும் ஆளு கெளம்புறதுக்கு முன்னாடி ஒரு வேலை: சுடுதண்ணி குழாயத் திறந்து காத்தெல்லாம் போய் தண்ணி ஒரே சீரா வர்ற வரைக்கும் விடுங்க, அதுக்கப்புறம்தான் ஸ்விட்ச் போடணும், காலி டேங்க்ல போட்டா புது எலிமென்ட் அங்கயே போயிடும். அரை மணி நேரம் கழிச்சு ஜாயின்ட் எல்லாத்தையும் டிஷ்யூ பேப்பரால தொடச்சு பாருங்க, நனையலன்னா அவருக்கு காச குடுத்து அனுப்பலாம்.