திருத்தினால் திருத்தியது தெரியட்டும்

மும்பை தாராவியில், 90 அடி சாலைப் பக்கம், நாங்கள் ஒன்பது பேர் சம்பளமில்லாமல் ஒரு தமிழ்ச் செய்தித்தளம் நடத்துகிறோம். உங்கள் பகுதியிலும் இப்படி ஒன்று தொடங்கப் போகிறீர்கள் என்றால், முதல் செய்திக்கு முன்பே ஆசிரியர் யார், சர்வர் வாடகை யார் கொடுக்கிறார்கள், யாருக்கு எந்தக் கட்சி, எந்தச் சங்கம் என்று எழுதிப் போட்டுவிடுங்கள்.

அடுத்தது திருத்தம். இதில் நான் பட்டிருக்கிறேன். தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் மறுசீரமைப்புத் திட்டத்தில் 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்குத்தான் தாராவிக்குள் இலவச வீடு. மாடியில் இருப்பவர்களுக்கு விதி வேறு. நான் எழுதிய செய்தியில் ‘தரைத்தளம்’ என்ற சொல் விட்டுப்போனது. ராத்திரியே அதைச் சேர்த்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டேன். மறுநாள் டீக்கடை வாசலில் ஒரு பெரியம்மா மறித்தார். “நேத்து வேற மாதிரில்லா போட்டிருந்த தம்பி? மாடிக்கும் உண்டுன்னு மவன் வாசிச்சுக் காட்டுனானே!” மகனின் போனில் பழைய செய்தி படமாக இருந்தது. அவர்கள் இருப்பது மாடியில். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை.

அதிலிருந்து எங்கள் வழக்கம் இது. செய்தியின் தலையிலேயே, தேதியும் நேரமும் போட்டு, “முன்பு இப்படி எழுதியிருந்தோம், அது தவறு, சரியானது இது” என்று எழுதுகிறோம். தவறான வரியையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அதை நம்பியவருக்கு எது மாறியது என்றே புரியாது. செய்தி எந்தெந்த வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போனதோ, திருத்தமும் அத்தனைக்கும் போக வேண்டும். எழுத்துப்பிழைக்கு இவ்வளவு வேண்டாம். பெயர், எண், தேதி, குற்றச்சாட்டு என்றால் கட்டாயம்.

எங்களில் ஏழு பேரின் வீடு அந்த மறுசீரமைப்புத் திட்டத்தின் கணக்கெடுப்பில் இருக்கிறது. அவர்கள் திட்டத்தைப் பற்றி எழுதக்கூடாது என்றால் இங்கே எழுத ஆளே இருக்காது. அதனால் “எழுதியவரின் வீடும் கணக்கெடுப்பில் உள்ளது” என்று செய்தியிலேயே ஒரு வரி சேர்க்கிறோம். வீடு சம்பந்தப்படாத இருவரில் ஒருவர் அதைச் சரிபார்க்கிறார்.

காசு வாங்கிப் போடுவது பொங்கல் வாழ்த்தாக இருந்தாலும், வேட்பாளர் பேட்டியாக இருந்தாலும், ‘விளம்பரம்’ என்று மேலேயே, தலைப்பளவு எழுத்தில் இருக்கட்டும்.

சொன்னவர் பெயரை மறைத்தால் ஏன் மறைத்தோம் என்று எழுதுங்கள். “வேலை போய்விடும் என்று அஞ்சுகிறார்” என்ற ஒரு வரி போதும். ஆனால் பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடச் சட்டமே தடுக்கிறது. எங்கள் சந்துகளில் அப்பாவின் தொழிலைச் சொன்னாலே வீடு தெரிந்துவிடும், அதையும் விட்டுவிடுங்கள்.

2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி செய்தி வெளியிடுபவர் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும். புகார் கிடைத்ததை 24 மணி நேரத்துக்குள் தெரிவித்து, 15 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். எங்களுக்கு வரும் புகாரில் பாதி வாய்ப்பேச்சுதான். அதை நாமே எழுதி, தேதி போட்டு, சொன்னவருக்கு ஒருமுறை வாசித்துக் காட்டி, “சரிதானா பெரியம்மா?” என்று கேட்ட பிறகே பதிவேட்டில் ஏற்ற வேண்டும்.