காளான் படம்: குடையை மட்டும் எடுத்தால் போதாது

மாரி தொடங்கிவிட்டால் யாழ்ப்பாணத்து வளவுகளிலும் பனங்கூடல்களிலும் காளான் முளைக்கும். கூடவே "இது என்ன காளான், சாப்பிடலாமோ?" என்ற கேள்வியோடு படங்களும் வந்து குவியும். கைநடுக்கம், மங்கல் எல்லாம் பழகப் பழகத் திருந்திவிடும். கீழே உள்ள தவறுகள் அப்படித் திருந்துவதில்லை.

மேலிருந்து ஒரே படம்

பொறுக்கவே முடியாத தவறு இது. புல்லுக்குள் பெரிய வெள்ளைக் குடை, அதன்மேல் மண்ணிறச் செதில்கள்: குளோரோபில்லம் மொலிப்டைட்டீஸ் என்ற நச்சுக் காளான் இப்படித்தான் இருக்கும். தின்றால் சில மணி நேரத்துக்குள் கடும் வாந்தி, வயிற்றோட்டம். இதை உண்ணும் காளானென்று நம்பிப் பிடுங்குகிறார்கள். இளசாக இருக்கையில் குடைக்கு அடியிலுள்ள செவுள்களும் (மெல்லிய தகடு தகடான மடிப்புகள்) வெள்ளைதான். முற்றிய பிறகே பச்சை சாயும். ஆகவே வெள்ளைச் செவுளைக் கண்டு துணியவும் கூடாது.

முதலில் போனை நிலத்தோடு வைத்துப் பக்கவாட்டில் எடுங்கள். காம்பில் வளையம் இருந்தால் அது தெரியவேண்டும். பிறகு செல்ஃபி கமரா மேலே பார்க்கும்படி போனைக் குடைக்கடியில் கிடத்தினால், பிடுங்காமலே செவுள்கள் படத்தில் விழும்; அவை காம்பைத் தொடுகின்றனவா, விலகி நிற்கின்றனவா என்று பாருங்கள். கடைசியாகச் சற்றுத் தள்ளிக் கத்தியை இறக்கி, அடியோடு கிளப்புங்கள். வெடுக்கென்று இழுத்தால், அமானிட்டா என்ற காளான் வகையின் காம்படியில் இருக்கும் கிண்ணம் மண்ணிலேயே நின்றுவிடும். அதன் சில இனங்கள் உயிரையே எடுக்கும். புற்றுக்காளானின் நீண்ட வேரும் அப்படியே அறுந்துபோகும்; கறையான் கூடுவரை இறங்கும் அந்த வேர்தான் அதற்குப் பெரிய அடையாளம்.

வித்திப் பதிவும் எடுங்கள்; அதாவது, செவுளிலிருந்து உதிரும் வித்தித் தூளின் நிறத்தைத் தாளில் பதியவிடுங்கள். காம்பை வெட்டிவிட்டு, பாதி வெள்ளை பாதி கறுப்பான தாளில் குடையைச் செவுள் கீழாக வைத்து, தம்ளரால் இரவு முழுக்க மூடுங்கள். குளோரோபில்லம் மங்கிய பச்சையாகப் பதியும், புற்றுக்காளான் இளஞ்சிவப்பாக. இவ்வளவும் இருந்தாலும், படத்தை மட்டும் பார்த்து யாராவது "சாப்பிடலாம்" என்றால் நம்பாதீர்கள்.

துடைத்துவிட்டு எடுப்பது

குடைமேல் ஒட்டியிருப்பது எல்லாம் மண் அல்ல. இளசில் அமானிட்டாவை மூடியிருந்த தோலான முகத்திரையின் துணுக்குகளும் அப்படித்தான் ஒட்டியிருக்கும்.

வெயிலேறிப் போவது

சாணியில் முளைக்கும் மைக்காளான் மத்தியானத்துக்குள் கறுத்து உருகிவிடும். விடியவே போங்கள்.

புற்றுவாய்க்குள் கைவிடுவது

பாம்பு இருக்கும்.

பிளாஷ்

வெள்ளைக் குடை வெளிறிப்போய்ச் செதில்கள் மறையும். பிளாஷை விட்டுவிட்டு, மழைக்குடையைப் பிடித்து நிழலாக்கி, வெளிச்ச அளவை ஒரு படி குறைத்து, செவுளுக்கடியில் வெள்ளைத்தாள் ஒன்றைச் சாய்த்து வையுங்கள்.

எதில் முளைத்தது என்று எழுதாமல் விடுவது

சாணியா, புற்றா, உக்கின பனங்குற்றியா? அளவுகோல் ஒன்றையும் பக்கத்தில் வைத்து எடுங்கள்.