கல்லூரிக்கு லேப்டாப்: பிறகு மாற்ற முடியாததை முதலில் பாருங்கள்

கடைக்காரர் முதலில் சொல்வது 'ஐ5', 'ஐ7' என்று பிராசசர் (கணினியின் மூளையான சிப்) பெயர் போட்ட ஸ்டிக்கரைத்தான். நான்கு வருடம் அதைச் சுமக்கப் போகிறவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: வாங்கிய பிறகு எதை மாற்றலாம், எதை மாற்ற முடியாது? கோப்புகளைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டியைப் பெரும்பாலான மாடல்களில் மூன்றாம் வருடத்தில்கூடப் பெரிதாக்கிக்கொள்ளலாம். திரை, கீபோர்டு, எடை, மதர்போர்டோடு சால்டர் செய்த (பற்றவைத்த) ரேம் எனும் தற்காலிக நினைவகம் ஆகியவை வாங்கிய அன்று எப்படியோ கடைசிவரை அப்படியே. காசை அங்கேதான் போட வேண்டும்.

அதற்கும் முன்னால், துறை சீனியர்களிடம் என்ன மென்பொருள் ஓட்டுகிறார்கள் என்று கேளுங்கள். இயந்திரவியலில் சாலிட்வொர்க்ஸ், சிவிலில் ரெவிட், வணிகவியலில் கணக்கெழுதும் டேலி என்றால் விண்டோஸ் தேவை. மேக்புக் வாங்கினால் அல்லாட வேண்டியிருக்கும். ஸ்னாப்டிராகன் சிப் போட்ட விண்டோஸ் லேப்டாப்புகளில் பேட்டரி நன்றாக நிற்கும். ஆனால் பொறியியல் மென்பொருள்களும் பழைய டிரைவர்களும் (பிரிண்டர் போன்ற சாதனங்களை இயக்கும் மென்பொருள்) அதில் ஓடும் என்று உறுதியாகத் தெரியாமல் வாங்க வேண்டாம். முப்பரிமாண டிசைனுக்கு 4 ஜிபி நினைவகமுள்ள தனி கிராஃபிக்ஸ் கார்டு உதவும். கணினி அறிவியலுக்கு அது கட்டாயமில்லை. மெஷின் லேர்னிங் பாடத்துக்கு கூகுள் கோலாப் என்ற இணையதளத்தில் இலவசமாகவே ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) கிடைக்கிறது. கேமிங் லேப்டாப் பெரும்பாலும் இரண்டு கிலோவுக்கு மேல், சார்ஜர் தனி. தினமும் பஸ்ஸில் போகிறவர்கள் இதை யோசித்தே ஆக வேண்டும். ஒன்றரைக் கிலோவை ஒட்டியிருந்தால் தோள் தாங்கும்.

அவசரமும் வேண்டாம். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் தொடக்கத்தில் வரும் அடிப்படை நிரலாக்கப் பயிற்சிகள் எந்தச் சாதாரணக் கணினியிலும் ஓடும். அரசுக் கல்லூரியில் சேர்ந்திருந்தால், மாநில அரசின் மடிக்கணினி உங்கள் வகுப்புக்கு உண்டா என்று அலுவலகத்தில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

இனி ரேம். 16 ஜிபி வாங்குங்கள். 8 ஜிபியில், மொபைல் ஆப் எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் எமுலேட்டரை (கணினிக்குள் ஓடும் மாதிரி போன்) ஓடவிட்டு, பிரவுசரில் பத்து டேப் திறந்தால், ரேம் நிரம்பி எஸ்எஸ்டியையே ரேம் போலப் பயன்படுத்தத் தொடங்கும், மெஷின் இழுக்கும். பட்ஜெட் இடிக்கிறதென்றால் 8 ஜிபி வாங்கலாம், ஆனால் பிறகு ரேம் மாட்ட ஒரு ஸ்லாட் காலியாக இருக்க வேண்டும். கடையில் காட்சிக்கு வைத்திருப்பதிலேயே சோதிக்கலாம்: கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸில் மெமரியைப் பாருங்கள். 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற வரியில் 'சோடிம்' என்றிருந்தால் கழற்றி மாட்டும் ரேம். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் சால்டர் செய்தது.

பிராசசர் பெயரில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ இரண்டும் கேட்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ரைசன் 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் சிப்பின் தலைமுறையைச் சொல்வது: 2 என்றால் 2019இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு, 3 என்றால் ஜென் 3. முதலாவதில் நான்கு கோர் (வேலையைப் பகிர்ந்து செய்யும் பகுதிகள்), இரண்டாவதில் ஆறு. 7520யூ ஏற்கும் ரேம் வகையே போர்டில் சால்டர் செய்வதுதான், ஆகவே 8 ஜிபியோடு வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான். இன்டெலில் கடைசி எழுத்தைப் பாருங்கள்: 'யூ' மின்சாரம் குறைவாக எடுக்கும், 'எச்' வேகமானது, சூடும் கூடுதல்.

எஸ்எஸ்டி 512 ஜிபி போதும். விண்டோஸில் அது 476 ஜிபி என்று காட்டும். கணக்கிடும் முறை வேறு, குறை ஒன்றுமில்லை.

திரையைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். நிறம் வெளுத்துத் தெரிந்தால் அது டிஎன் என்ற மலிவு வகைத் திரை, தொட வேண்டாம். ஐபிஎஸ் வகைத் திரை, 1920க்கு 1080 பிக்சல், 300 நிட்ஸ் (பிரகாசத்தின் அளவு) இருந்தால் ஜன்னலோரம் உட்கார்ந்தும் படிக்கலாம். பேட்டரியை 'எத்தனை மணி நேரம்' என்று கேட்காதீர்கள், அதன் கொள்ளளவான வாட்-ஹவர் கேளுங்கள். 50க்கு மேல் நல்லது. டைப்-சி சார்ஜிங் இருந்தால், ஹாஸ்டலில் சார்ஜர் கெட்ட இரவில் நண்பனின் 65 வாட் சார்ஜர் கைகொடுக்கும்.

விலை மலிவாகத் தெரிந்தால் விண்டோஸ் இருக்கிறதா என்று பாருங்கள். 'டாஸ்' என்று போட்டிருந்தால் இல்லை. பழைய லேப்டாப் வாங்குகிறவர்கள் விண்டோஸ் 11 ஏற்குமா என்பதைப் பார்த்தே வாங்குங்கள், விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவிலோ ஊர்க் கடையிலோ வாங்கினால் பில்லில் சீரியல் எண் எழுதி வாங்குங்கள். எதுவானாலும் அன்றே அந்த எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டு வாரன்டி தொடங்கும் தேதியைப் பாருங்கள். பல மாதம் முந்தைய தேதி இருந்தால் பில்லைக் காட்டித் திருத்தச் சொல்லலாம். டீ கொட்டியதும் கீழே விழுந்து திரை உடைந்ததும் சாதாரண வாரன்டியில் வராது. அதற்கான தனிப் பாதுகாப்புத் திட்டத்தை வாங்கும்போதே சேர்த்துவிடுங்கள், நாள் கடந்தால் தர மாட்டார்கள்.