டூரிசம் இன்டர்ன்ஷிப் போறீங்களா, இந்த தப்பெல்லாம் பண்ணாதீங்க

ஏப்ரல் வந்தா போதும், சென்னையில டூரிசம் படிக்கிற தம்பி தங்கச்சிங்க "அண்ணா எங்கயாவது டிராவல்ஸ்ல சேத்து விடுங்க, சர்டிபிகேட் வேணும்"னு கேக்க ஆரம்பிச்சுடுவாங்க. சர்டிபிகேட்டுக்காக மட்டும் போனா ரெண்டு மாசமும் ஏசி ரூம்ல எக்ஸெல் ஷீட் நிரப்பிட்டே ஓடிடும். சேர்றதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க, என்ன வேலை, ஃபீல்டுக்கு அனுப்புவீங்களா, பஸ் காசு யாரு தர்றது, தினமும் செஞ்ச வேலைய எழுதுற காலேஜ் லாக்புக்ல யாரு கையெழுத்து போடுவாங்கன்னு. கேக்க கூச்சப்படாதீங்க.

எந்த மாசம் போறோம்ங்கறதும் முக்கியம். வெளிநாட்டு கெஸ்ட்டுங்கள ஹேண்டில் பண்ண கத்துக்கணும்னா டிசம்பர், ஜனவரி தான். மே மாசம் போனா ஊட்டி, கொடைக்கானல் புக்கிங் தான் ஓடும், அதுவும் நல்ல பாடம் தான், ஆனா 2024 மே மாசத்துல இருந்து அந்த ரெண்டு ஊருக்கும் ஈ-பாஸ் வேணும், அத மறந்துட்டு வண்டிய அனுப்பிட்டா நடுவழியில நிக்கப்போறது குடும்பத்தோட வந்தவங்க.

நான் பண்ண தப்ப சொல்றேன். காஞ்சிபுரம் ஒரு நாள் டூருக்கு ஐட்டினரி, அதாவது எந்த இடத்துக்கு எத்தன மணிக்குங்கற பிளான், போட சொன்னாங்க, நான் மேப்ப பாத்து தூரத்த மட்டும் கணக்கு போட்டு ஏகாம்பரநாதர் கோயில மதியம் 1 மணிக்கு வச்சுட்டேன். நடை 12.30 வாக்குல சாத்திட்டா சாயங்காலம் 4 மணிக்கு தான் திறப்பாங்க. மலேசியாவுல இருந்து வந்த ஒரு வயசான அம்மா கையில அர்ச்சனை தட்டோட சாத்துன கதவு முன்னாடி நின்னுட்டு, என்னைய திட்டக்கூட இல்ல, "பரவால்லப்பா"ன்னு மட்டும் சொன்னாங்க, அது இன்னிக்கும் உறுத்துது. எக்மோர் மியூசியம் வெள்ளிக்கிழமை லீவு, ஈசிஆர்ல இருக்கற தட்சிணசித்ரா மியூசியம் செவ்வாய்க்கிழமை, முதலைப் பண்ணை திங்கக்கிழமை. ஐட்டினரி போடுற அன்னிக்கே போன் போட்டு ஒரு தடவ உறுதி பண்ணிக்கோங்க.

அப்புறம் மாமல்லபுரத்துல கெஸ்ட்ட கூட்டிட்டு போய் நீங்களே கைடு மாதிரி பேச ஆரம்பிக்காதீங்க. லைசென்ஸ் வாங்குனவங்களுக்கு அது பொழப்பு. அவங்க பக்கத்துல நின்னு கேளுங்க, அதுலயே நிறைய கத்துக்கலாம். யாராவது வழியில கேட்டாலும் கதை கட்டி விடாதீங்க. பஞ்ச ரதத்துக்கும் பாண்டவருக்கும் சம்பந்தமே கிடையாது, அந்த பேரெல்லாம் பிற்காலத்துல மக்கள் வச்சது. ரதம் பாறைய செதுக்கி எடுத்தது, கடற்கரைக் கோயில் கல்ல அடுக்கி கட்டுனது, இந்த ரெண்டையும் குழப்பிக்கிற பசங்க நிறைய.

லாக்புக்ல வாராவாரம் கையெழுத்து வாங்கிடுங்க, கடைசி நாள் வரைக்கும் விட்டா மேனேஜர் வேற கம்பெனிக்கு போயிருப்பாரு.

டிரைவர் அண்ணன்கள சும்மா வண்டி ஓட்டுறவங்கன்னு நினைக்கிறது பெரிய தப்பு. ஈசிஆர்ல எந்த பங்க்ல பாத்ரூம் சுத்தமா இருக்கும், வயசானவங்க எந்த கேட்ல இறங்குனா படி கம்மி, இதெல்லாம் எந்த வெப்சைட்லயும் இருக்காது. சாப்பிட்டீங்களா அண்ணான்னு கேட்டு பக்கத்துல உக்காருங்க, ஒரு சின்ன நோட்டும் பேனாவும் பாக்கெட்ல இருக்கட்டும்.