கண் திசுவின் சவ்வைப் பிரித்து ஸ்டீராய்டு பிணைப்பை அளப்பது எப்படி

சவ்வில் ஸ்டீராய்டு பிணைந்திருப்பதாக எண் காட்டினாலும் உடனே நம்பிவிடாதீர்கள். குளுக்கோகார்டிகாய்டு வகை ஸ்டீராய்டைப் பிடிக்கும் புரதங்களான ஏற்பிகள் பெரும்பாலும் சைட்டோசாலில், அதாவது செல்லின் உள்நீரில் இருப்பவை. சவ்வோடு ஒட்டிக்கொண்டு வரும். ஸ்டீராய்டோ கொழுப்பில் கரைவது. ஏற்பியே இல்லாத சவ்விலும் ஊறிவிடும். கீழே உள்ள வேலையில் பாதி இந்த இரண்டையும் விலக்கத்தான்.

மாட்டுக் கண் போதும். கோலாலம்பூர் சௌ கிட் சந்தை இறைச்சிக் கடையில் முதல் நாளே சொல்லிவைத்து, எப்போது அறுத்தது என்று கேட்டு, ஐஸில் வாங்கி வாருங்கள். கருவிழி ஓரத்துக்கு 5 மி.மீ. பின்னால் சுற்றி வெட்டி, லென்ஸையும் கண்ணாடிக் கூழையும் நீக்கி, கருவிழிக்குப் பின்னால் வளையமாக இருக்கும் சிலியரி மடிப்புகளை உரித்தெடுங்கள். கூழ் மிஞ்சினால் அரைத்த கலவை நூலாக இழுக்கும். நன்றாகக் கழுவுங்கள்.

பஃபர்: 10 மில்லிமோலார் டிரிஸ், 250 மில்லிமோலார் சுக்ரோஸ், 1 மில்லிமோலார் இடிடிஏ, பிஎச் 7.4. பிஎச்சை 4 டிகிரியிலேயே சரிபாருங்கள். டிரிஸ் ஒவ்வொரு டிகிரி குளிரும்போதும் ஏறத்தாழ 0.03 ஏறும், 25 டிகிரியில் 7.4 வைத்தால் குளிரில் 8 ஆகிவிடும். புரதத்தைச் சிதைக்கும் நொதிகளைத் தடுக்கும் பிஎம்எஸ்எஃப் நீரில் சிதையும். அரைக்கும் நேரத்தில்தான் சேர்க்க வேண்டும்.

1 கிராம் திசுவுக்கு 10 மி.லி. பஃபர் ஊற்றி ஐஸில் வைத்து அரையுங்கள். நுரை வரக் கூடாது. 1,000 ஜி-யில் (ஜி என்பது புவியீர்ப்பின் மடங்கு) 10 நிமிடம் சுழற்றினால் அடியில் கறுப்பு வண்டல் படியும்: உடையாத செல், கரு, மெலனின். அதை விட்டுவிட்டு மேல்நீரை 10,000 ஜி-யில் 20 நிமிடம், பிறகு அதன் மேல்நீரை 100,000 ஜி-யில் 1 மணி நேரம் சுழற்றுங்கள். நம் ஊர் ஈரக் காற்றில் குளிர்ந்த ரோட்டாரில் நீர் பூக்கும். துடைக்காமல் போட்டால் வெற்றிடம் பிடிக்கத் தாமதமாகும்.

இந்தக் கடைசி வண்டலைப் புதுப் பஃபரில் கரைத்து மறுபடி 100,000 ஜி-யில் சுழற்றுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. சைட்டோசால் ஏற்பி கழிவது இங்கேதான். சைட்டோசால் நொதியான எல்டிஹெச் கிட்டத்தட்ட இல்லாமல் போயிருக்க வேண்டும், பிளாஸ்மா சவ்வின் (செல்லின் வெளிச்சவ்வு) நொதியான சோடியம்-பொட்டாசியம் ஏடிபேஸ் பல மடங்கு கூடியிருக்க வேண்டும். இதில் செல்லுக்குள் இருக்கும் எண்டோபிளாஸ்மிக் வலைச் சவ்வும் கலந்திருக்கும். பிளாஸ்மா சவ்வு மட்டும் வேண்டுமானால் சுக்ரோஸ் அடர்த்திப் படிகளில் மேலும் பிரிக்க வேண்டும்.

பிணைப்புக்குக் குழாய்க்கு 100 மைக்ரோகிராம் புரதம், டிரிஷியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) ஏற்றிய டெக்ஸாமெத்தசோன் என்ற குளுக்கோகார்டிகாய்டு. ஒவ்வொரு செறிவிலும் 500 மடங்கு சாதா (டிரிஷியம் ஏற்றாத) டெக்ஸாமெத்தசோன் சேர்த்த குழாயும் இருக்கட்டும். முதல் குழாயின் எண்ணிலிருந்து இதன் எண்ணைக் கழித்து வருவதே உண்மைப் பிணைப்பு. பிளாஸ்டிக்கில் ஸ்டீராய்டு ஒட்டும், அதனால் கண்ணாடிக் குழாய். எத்தனால் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கண்ணாடி இழை வடிதாளில் வடித்து, குளிர்ந்த பஃபரால் சில நொடிகளுக்குள் கழுவிவிடுங்கள். தாமதித்தால் பிணைந்தது கழன்றுவிடும். டிரிஷியத்துக்கு மலேசியாவின் அணுசக்திச் சட்டமான சட்டம் 304-இன் கீழ் உரிமம் வேண்டும்.

வடிதாளின் கதிரியக்கத்தை எண்ணும்போது சவ்வே இல்லாத வெறும் வடிதாளையும் எண்ணுங்கள். புரதத்தை இரட்டித்தால் உண்மைப் பிணைப்பும் இரட்டிக்க வேண்டும். சூடாக்கிக் கெடுத்த சவ்வில் அது மறைய வேண்டும். மறையாவிட்டால் நீங்கள் அளந்தது கொழுப்பில் ஊறியதை. வடிதாள் பழுப்பாகத் தெரிந்தால் மெலனின் தப்பி வந்திருக்கிறது. கதிரியக்கத்தை ஒளியாக மாற்றித்தான் எண்ணுகிறோம்; மெலனின் அந்த ஒளியை விழுங்கி எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும்.